கடன் கிளையில் வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை

நகைக்கடன், குழுக்கடன், வண்டிக்கடன் கொடுக்கும் நிதி நிறுவனக் கிளை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் விவரப் பாதுகாப்பு என்றதும் அது தலைமை அலுவலகத்து ஐடி ஆட்களின் தலைவலி என்றுதான் தோன்றும். சர்வரைப் பூட்டிவைப்பது அவர்கள் வேலைதான். ஆனால் கவுன்டரில் சத்தமாகச் சொல்லப்படும் ஆதார் எண்ணையும் ஜெராக்ஸ் மெஷினில் மறந்துவிட்ட பாஸ்புக் நகலையும் அவர்களால் பூட்ட முடியாது. அது கிளையில் இருப்பவர்களால்தான் ஆகும்.

படி 1: ஒரு பைலின் பின்னாலேயே போங்கள்

சமீபத்தில் கொடுத்த கடன் ஒன்றின் பைலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாடிக்கையாளர் கிளைக்குள் நுழைந்ததிலிருந்து பணம் அவர் கணக்கில் ஏறியது வரை, அவரைப் பற்றிய விவரம் எங்கெல்லாம் போய் உட்கார்ந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆதார் நகல் பைலில் இருக்கும், சரி. கோணலாக விழுந்த இன்னொரு நகல் குப்பைக்கூடையில் கிடக்கும். அதே கார்டின் போட்டோ பீல்டு ஆபீசர் போனில் ஒன்று, கிளை வாட்ஸ்அப் குழுவில் ஒன்று. அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில். நகை மதிப்பீட்டாளர் தன் சொந்த நோட்டில் பெயரையும் எடையையும் குறித்துவைத்திருப்பார்.

தாள் நிறைந்துவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் நேரே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இது இங்கே இருந்தாக வேண்டுமா? இருக்க வேண்டும் என்றால் யார் பார்க்கலாம்? முதல் கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் வந்த இடங்களைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

படி 2: வாங்குவதைக் குறையுங்கள்

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஆதார் என எல்லாவற்றிலும் ஒரு நகல் வாங்கிவைப்பது. விண்ணப்பப் படிவம் கேட்காத எதையும் வாங்காதீர்கள். கையில் இல்லாத விவரம் கசியாது. ஏடிஎம் பின், ஓடிபி இரண்டையும் எந்தச் சூழ்நிலையிலும் கேட்கக் கூடாது. வாடிக்கையாளரே நீட்டினாலும் எழுதி வாங்கக் கூடாது.

ஆதாரில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆதார் எண்ணை இணைய வழியில் சரிபார்க்கத் தேவையில்லாமல் அட்டை நகலை மட்டும் வாங்கும்போது, அதில் எண் மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளரை அடையாளம் காணும்) விதிகள். ஆதார் இணையதளத்திலேயே முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பிரதியைப் பதிவிறக்கலாம். அது கையில் இல்லாதவருக்கு நகலில் நீங்களே மறைத்துக் கொடுங்கள். ஆனால் மார்க்கரால் கோடு இழுத்துவிட்டால் போதாது, தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரியும். மறைத்த நகலை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்து அதை பைலில் வைத்துவிட்டு, மார்க்கர் போட்டதைக் கிழித்துவிடுங்கள். போனில் மறைப்பதானால் ஹைலைட்டர் பேனா ஆகாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது எட்டிப்பார்க்கும். நிறம் நிரப்பிய கட்டத்தைப் போட்டு மூடுங்கள். ஆதார் தர விரும்பாதவர் வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ தந்தாலும் அதிகாரபூர்வ ஆவணம்தான்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த விவரம் எதற்காக வாங்கப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தருகிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் உண்டு. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

படி 3: கவுன்டரில் குரலைத் தணியுங்கள்

"அக்கா, போன தடவை வச்ச ஆரத்தை இன்னும் திருப்பலையா?"

அன்பாகத்தான் கேட்கிறார் காசாளர். ஆனால் வரிசையில் அந்த அக்காவுக்குப் பின்னால் நிற்பது அவருடைய சம்பந்தியாக இருக்கலாம். ஆரம் அடகில் இருப்பது வீட்டுக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம். நம் ஊரில் பல பெண்களுக்கு ஆதார் எண் வெளியே போவதைவிட இந்தச் செய்தி வெளியே போவதுதான் பெரிய அடி. நாம் எண்களை மட்டுமே காத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

ஆகவே தொகை, எடை, தவணை பாக்கி எல்லாவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாடிக்கையாளர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். போன் நம்பரையும் ஆதார் எண்ணையும் வாயால் சொல்லச் சொல்லாமல் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் சீட்டு, காகிதம் கிழிக்கும் மெஷினுக்குள் போகட்டும். வரிசை கவுன்டரை ஒட்டி நிற்காமல் இரண்டடி தள்ளி நிற்க, தரையில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டினால் போதும். இந்தப் பதிவில் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு அதுதான்.

போனில் விசாரிப்பவர்கள் தனி ரகம். "என் தம்பி பேர்ல எவ்வளவு பாக்கி?" என்று கேட்பவர் உண்மையிலேயே அண்ணனாக இருந்தாலும் சொல்லக் கூடாது. "கடன் வாங்கினவங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும் சார், அவங்களையே பேசச் சொல்லுங்க" என்று முடித்துவிடுங்கள். கடன்தாரரே பேசுவதாகச் சொன்னால், பதிவில் உள்ள நம்பருக்கு நீங்கள் திருப்பி அழைத்துப் பேசுங்கள்.

படி 4: வாட்ஸ்அப்

நிறுவனம் செயலி கொடுத்திருந்தால் படத்தை அதில் மட்டுமே எடுங்கள், ஏற்றுங்கள். 'நெட் வரலை, இப்போதைக்கு குரூப்ல போடுறேன்' என்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. குழுவில் 30 பேர் இருந்தால் ஒரு பான் கார்டு 30 போன்களில் இறங்கும். அதில் நான்கு பேர் வேலையை விட்டுப் போயும் குழுவில் நீடித்துக்கொண்டிருப்பார்கள்.

சில கிளைகளில் வாட்ஸ்அப்பை நிறுத்த மாதங்கள் ஆகும் என்பது தெரியும். அதுவரை குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குள் போய், புதிதாக இறங்கும் படங்களை கேலரியில் காட்டும் வசதியை அணையுங்கள். அப்புறம் கூகுள் போட்டோஸைத் திறந்து, வாட்ஸ்அப் போல்டர் தானாக பேக்கப் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளரின் பாஸ்புக், ஊழியரின் குடும்பப் படங்களோடு அவருடைய சொந்தக் கணக்கில் ஏறியிருக்கும். அங்கே தேடி அழிக்க வேண்டும். போனில் மட்டும் அழித்தால் பேக்கப்பில் அப்படியே இருக்கலாம்.

படி 5: லாகினும் எக்செலும்

கிளைக்கு ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டரில் மஞ்சள் சீட்டில். இதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை, ஏனென்றால் நாளைக்கு ஒரு விவரம் வெளியே போனால் யார் பார்த்தார்கள் என்றே சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு லாகின் வேண்டும், ஓடிபி வசதி இருந்தால் அதையும் சேர்த்து. ஒருவர் விலகும் நாளில், கணக்கு முடிப்பதற்கு முன்னால் அவருடைய லாகினை முடக்கச் சொல்லி எழுதுங்கள்.

எக்செலில் மூன்று பொறிகள் உண்டு. மறைத்த நெடுவரிசை மறைந்த நெடுவரிசை அல்ல, வாங்குபவர் ஒரு கிளிக்கில் விரித்துவிடுவார். ஷீட்டைப் பூட்டுவது திருத்த விடாமல் தடுக்குமே தவிர, படிக்க விடாமல் தடுக்காது. பைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்றால் பைல் மெனுவில் இன்போ பகுதியில் ஒர்க்புக்கை என்கிரிப்ட் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, அந்தப் பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதி அனுப்புவது. அதைப் போனில் சொல்லுங்கள். கிளையின் பின்கோடைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடுவார்கள்.

படி 6: வசூலுக்குப் போகும்போது

வசூல் ஆள் கையில் பெயர், முகவரி, தவணைத் தொகை இருந்தால் போதும். முழு பைல் தேவையில்லை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தவணை தவறிய கடனுக்காக (தனி விதி கொண்ட குழுக்கடன் போன்ற நுண்கடன்கள் நீங்கலாக) அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கூறியது. உறவினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதும் அதே உத்தரவில் தடை. பக்கத்து வீட்டில் போய் 'அவர் எங்க, மூணு தவணை பாக்கி' என்று சொல்வது வசூல் உத்தி ஆகாது.

உங்கள் நிறுவனத்துக்குக் கடன் செயலி இருந்தால் அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று உங்கள் போனிலேயே நிறுவிப் பாருங்கள். தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கேலரி ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவை கேஒய்சிக்காக, வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலோடு, ஒரே ஒரு முறை.

படி 7: பழைய காகிதம்

எடைக்குப் போடாதீர்கள். அடையாள ஆவணங்களையும் பரிவர்த்தனைப் பதிவுகளையும் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம். அடையாள ஆவணங்களுக்கு அந்த 5 ஆண்டு, கடன் முடிந்த பிறகுதான் தொடங்கும். அதன் பிறகு கிழிக்கும் மெஷின்தான். கடன் மறுக்கப்பட்டவர்களின் விண்ணப்பக் கட்டு பல கிளைகளில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும். அதை எவ்வளவு நாள் வைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 8: கசிந்துவிட்டால்

முதலில் எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் மெயிலை நீக்குவது, கம்ப்யூட்டரை பார்மேட் செய்வது எல்லாம் தடயத்தைத்தான் அழிக்கும். நெட்வொர்க்கிலிருந்து கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, எப்போது தெரியவந்தது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முக்கியம், ஏனென்றால் சைபர் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விரிவான அறிக்கை தர, படி 2இல் சொன்ன 2025 விதிகள் 72 மணி நேரம் கொடுக்கின்றன. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அறிக்கைகளைத் தலைமை அலுவலகம் அனுப்பும், ஆனால் கடிகாரம் உங்கள் கிளையில் ஓட ஆரம்பித்துவிடும்.

வாடிக்கையாளரிடம் பேசும்போது மழுப்ப வேண்டாம். "உங்க பாஸ்புக் நகல் வெளிய போயிருக்கு. யாராவது கடன் ஆபீஸ்ல இருந்து பேசுறதா சொல்லி ஓடிபி கேட்டா கொடுக்காதீங்க. பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க." இந்த மூன்று வரிகளையும், தலைமை அலுவலகத்தில் யாரை அழைக்க வேண்டும் என்ற நம்பரையும் அச்செடுத்து மேனேஜர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அந்த நம்பரை ஞாயிற்றுக்கிழமை இரவிலும் யாராவது எடுக்கிறார்களா என்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.