மலைநாட்டில் டரன்டுலா பெட்டியின் ஈரம்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் டரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியைப் பெட்டியில் வளர்ப்பவர்களுக்குத் தலைவலி வறட்சியல்ல, காயாத ஈரம். குளிரில் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். கொழும்பில் ஊற்றும் அளவை இங்கே ஊற்றினால் பெட்டி சேறாகிவிடும்.

பெட்டியின் அடியில் போடும் தும்புத்தூளை ஊறவைத்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மண்ணில் வாழும் இனத்துக்கு அதை 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை அழுத்திப் போடுங்கள். பிறகு ஈரம் தேவைப்பட்டால் ஒரு மூலையில் மட்டும், பக்கச் சுவரோடு மெல்ல ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்கும். தினமும் ஸ்பிரே அடிப்பது வீண்வேலை: மேற்பரப்புதான் நனையும், பூஞ்சணமும் அங்கேதான் பிடிக்கும்.

காற்றுத் துளைகளை மூடியில் மட்டும் போடாமல், எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்று தாழ்வாகவும் மற்றது உயரமாகவும் போடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் பல பெட்டிகளுக்குத் தண்ணீர்க் கிண்ணமே போதும். கிண்ணம் மட்டும் ஒருநாளும் காலியாகக் கூடாது.

மலிவான ஈரமானியை நம்புவதைவிடச் சிலந்தியைப் பாருங்கள். தரையில் கால் வைக்காமல் சுவரிலேயே தொங்கினால் ஈரம் அதிகமாக இருக்கலாம். புதிதாக மாற்றிய பெட்டியிலும் சில நாள் அப்படி நிற்கும். வயிறு சுருங்கி, கிண்ணத்தின் மேலேயே கிடந்தால் தாகம். மல்லாந்து கிடந்தால் தோலுரிக்கிறது, தொடாதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள்.

வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அந்த இடத்தைக் கரண்டியால் அள்ளி எறிந்து, மிச்ச இரையையும் எடுத்துவிடுங்கள்.