'தட்' என்றால் நம்ம ஊர் 'தொப்'

டி, ஹெச், யு, டி என்று எழுதும் 'தட்' (thud) என்ற ஆங்கிலச் சொல்லை அகராதி விளக்கத்தோடு பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், கிருஷ்ணகிரி மாந்தோப்பில் ஒரு பெங்களூரா மாங்காய் மண்ணில் 'தொப்'பென்று விழும் சத்தத்தைச் சொல்லிக்கொடுங்கள், ஒரு நிமிடத்தில் பதிந்துவிடும்.

இரண்டுமே சத்தத்தைக் கேட்டு அப்படியே செய்த சொற்கள். கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: தொப், தட் இரண்டும் சட்டென்று வாயை அடைத்து நின்றுவிடுகின்றன, கனமான பொருள் விழுந்து அடங்குவதும் அப்படித்தான். பித்தளைக் குடம் விழுந்தால் சத்தம் நீளும், அதனால் அதற்கு 'டங்', ஆங்கிலத்தில் 'கிளாங்'.

வாக்கியத்தில் மட்டும் உஷார். நாம் 'தொப்பென்று விழுந்தது' என்போம், ஆங்கிலத்தில் 'ஃபெல் வித் எ தட்' என்று பெயர்ச்சொல்லாக வரும், அந்த 'என்று' அங்கே கிடையாது.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. பயத்தில் நெஞ்சு அடிப்பதற்கும் அவர்கள் 'தட்' போடுவார்கள், அங்கே நமக்கு 'திக்திக்'தான். அப்புறம், கம்ப்யூட்டர் 'கிராஷ்' ஆவது போன்ற இடங்களில் சத்தமே இல்லை, அவற்றைப் பொருளோடுதான் படிக்க வேண்டும்.