அப்பத்தாவின் அம்மா பெயர் என்ன? குடும்ப வரலாறு எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர், அவருக்கும் அப்பா பெயர் என்று எழுதிக்கொண்டே போங்கள். மூன்று தலைமுறை தடையில்லாமல் வரும். பத்திரம் இருக்கும் வீடென்றால் நான்காவதும் வரும். இப்போது அப்பாவின் அம்மாவைப் பெற்றவர் பெயரை எழுதுங்கள்.

எனக்கு வரவில்லை. அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. "அம்மாச்சி என்றுதான் கூப்பிட்டோம், பெயர் யார் கேட்டது?" என்றார். எங்கள் ஊர் திருமயம் பக்கம். பங்காளிகள் பெயரைக் குலதெய்வக் கோயில் வரி நோட்டிலிருந்து ஐந்து தலைமுறைக்கு எடுத்துவிட முடிகிற குடும்பம். அப்பத்தாவைப் பெற்றவள் பெயரைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. அந்த ஒரு பெயரைத் தேடிப் போனதில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். எனவே பெண்கள் பக்கத்தை முதலிலிருந்தே சேர்த்துக்கொண்டு போகும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். ஆண்வழி மட்டும் போதுமென்றால் பத்திரமும் வரி நோட்டும் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் அது குடும்பத்தின் பாதி வரலாறுதான்.

முதல் படி: யாரை முதலில் பார்ப்பது

பரணில் இருக்கும் காகிதத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் செய்ய வேண்டியது, குடும்பத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்களின் பட்டியலை வயது வரிசையில் எழுதுவது. கட்டிக்கொடுத்துப் போன அத்தைகள், பெரியம்மாக்கள், தாத்தாவின் தங்கைகள் எல்லோரும் அதில் வரவேண்டும். என் அனுபவத்தில், ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் நினைவு வைத்திருக்கிறார்கள். யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்தக் குழந்தை தங்காமல் போனது, யாரை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பதைப் பெண்கள் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் முதலில் இருப்பவரைப் பார்க்க இந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறுங்கள்.

இரண்டாம் படி: உட்கார்ந்து கேட்பது

"நம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் "என்ன இருக்கிறது சொல்ல?" என்றுதான் பதில் வரும். கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பிறந்த வீட்டுக்கு வாசல் எந்தத் திசை? கிணறு எங்கே இருந்தது? பள்ளிக்கூடத்துக்கு யாருடன் போனீர்கள்? எங்கள் சின்ன அத்தை வாசல் திசையைச் சொல்லத் தொடங்கி, திண்ணைக்கு வந்து, திண்ணையில் படுத்திருந்த கண் தெரியாத பெரியவரிடம் வந்து, அவர் ரங்கூனிலிருந்து திரும்பி வந்த கதைக்குப் போய்விட்டார். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபின் கப்பல் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியே நடந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பெண் வழியைப் பிடிக்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: "அவர்களை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" எங்கள் பக்கம் வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊரைச் சேர்த்தே அழைப்பார்கள். அரிமளத்து ஆச்சி, கீரனூர்ச் சின்னம்மா என்று. பெயர் மறந்த இடத்திலும் அந்த அழைப்பு நிற்கும். அதிலிருந்து பிறந்த ஊர் கிடைக்கும். ஊர் கிடைத்தால் அங்கே இருக்கும் தாய்மாமன் வழியைத் தேடிப் போகலாம்.

பதிவு செய்ய கைப்பேசி போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து அறுக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல் நேரில் கேட்பதைவிடப் பதிவில் பெரிதாகக் கேட்கும். மேசையில் நேரடியாக வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் யார் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பதிவு செய்கிறோம் என்பதை அவரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். அவர் தப்பாகச் சொல்கிறார் என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் காத்திருங்கள். அத்தை மொச்சை உரித்துக்கொண்டே பேசினார். கையில் வேலை இருந்தபோது வந்த பேச்சு, நாற்காலியில் உட்கார வைத்தபோது வரவில்லை. அடுத்த முறை நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் படி: வீட்டைத் துழாவுவது

பரண், டிரங்குப் பெட்டி, சாமி அறை அலமாரி. கிடைப்பது எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள்.

மொய் நோட்டு. எனக்கு இதைவிட மதிப்பான காகிதம் கிடைத்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா எதற்கானாலும் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். எங்கள் பெரியப்பா கல்யாண நோட்டு நீள வாக்கில் மடித்த தாள். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் தாய்மாமன் பெயர், அதன்பின் ஊர் ஊராக ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும். அதில் ஓர் ஊரிலிருந்து மட்டும் பதினோரு பேர் மொய் எழுதியிருந்தார்கள். அந்த ஊரில் எங்களுக்கு உறவே இல்லை என்று நினைத்திருந்தோம். அப்பத்தாவின் அம்மா பிறந்த ஊர் அது.

பாத்திரம். பித்தளைக் குடம், அண்டா, தூக்குவாளி எல்லாவற்றின் கழுத்தையும் விளிம்பையும் பாருங்கள். சீராகக் கொடுத்த பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற அண்டா ஒன்று பரணில் கவிழ்ந்து கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தபோது விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. ஊரின் முதலெழுத்து, ஒரு பெண் பெயர், தேதி. மகளுக்குச் சீராகக் கொடுத்த அண்டாவில் தன் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார். நான் தேடிய பெயர் அதுதான். எந்தப் பத்திரத்திலும் இல்லாத பெயர் எழுபது வருடம் அடுப்புக் கரிக்கு அடியில் இருந்திருக்கிறது. எழுத்து மங்கலாக இருந்தால் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

அழைப்பிதழ்கள். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயரும் ஊரும் இருக்கும். காரியப் பத்திரிகையில் இறந்த நாளும் மகன், மகள், மருமகன், பேரன் பேத்தி பெயர்களும் இருக்கும். அதை வீட்டில் வைக்கக் கூடாது என்று பலரும் கிழித்துவிடுவார்கள். வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் படமாவது எடுத்துவிட்டுக் கிழியுங்கள்.

பத்திரங்கள். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், வாரிசுச் சான்றிதழ். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் ஒரு தலைமுறையின் அண்ணன் தம்பிகள் வரிசையாக வந்துவிடுவார்கள். பதிவு எண்ணும் ஆண்டும் சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்தால் நகலுக்கு மனு போடலாம். தொடங்குபவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு: ஊர் நகராது, ஆனால் மாவட்டம் மாறும். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டத்தின் பகுதி, 1974 ஜனவரியில் தனி மாவட்டம். ஆகவே ஒரே வயலுக்கு மூன்று விதமான முகவரியோடு பத்திரங்கள் இருக்கலாம். சிவகங்கை, விருதுநகர்க்காரர்கள் 1985க்கு முந்தைய தாள்களை இராமநாதபுரம் மாவட்டம் என்ற பெயரில் தேடவேண்டும்.

கிறித்தவக் குடும்பங்களுக்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் தஃப்தரும் (திருமணப் பதிவேடு) இருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள், 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் தங்கள் ஊரின் மலர்களையும் நினைவு வெளியீடுகளையும் தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: ஆண்டைக் கண்டுபிடிப்பது

சாதக நோட்டில் "விஜய வருடம் தை மாதம்" என்று இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. விஜய என்பது 1953–54, அடுத்தது 2013–14. சித்திரையில் ஆண்டு பிறப்பதால், விஜய வருடத்துத் தை 1953இல் வராது. 1954 ஜனவரியில் வரும். இந்த ஒரு வருடப் பிழையைப் பலர் செய்கிறார்கள். தென்கோடி மாவட்டத் தாள்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால், ஆங்கில ஆண்டு கிடைக்க 825ஐக் கூட்டுங்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரையிலான நாளென்றால் 824.

சாதகமும் இல்லையென்றால் ஊர் அறிந்த சம்பவத்தைக் கேளுங்கள். 1964 தனுஷ்கோடிப் புயலின்போது கைக்குழந்தையா, நடக்கும் பிள்ளையா? 1969இல் அண்ணா இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா? இப்படி இரண்டு மூன்று சம்பவங்களுக்கு நடுவே வைத்துவிட்டால் ஆண்டு ஏறத்தாழப் பிடிபடும். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதியோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர்கள் ஏராளம். இரண்டு தேதி கிடைத்தால் இரண்டையும் எழுதி, எது எங்கே கிடைத்தது என்று குறியுங்கள்.

ஐந்தாம் படி: படமெடுத்துப் பெயரிடுவது

சின்னப் படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். தாள்களுக்கு 300 போதும். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம்.

கோப்புக்கு ஆண்டை முதலில் வைத்துப் பெயரிடுங்கள்: 1954-தை-திருமயம்-கல்யாணம்-01. படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகத் தனிக் குறிப்பில் எழுதுங்கள்.

ஆறாம் படி: எழுதுவது

மரம் வரையத்தான் எல்லோருக்கும் ஆசை. நம் குடும்பங்களில் மரம் சீக்கிரம் சிக்கலாகிவிடும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டிய வீடுகளில் பிரிந்த கிளை திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே பெண் ஒருவருக்குப் பேத்தியாகவும் மருமகளாகவும் இரண்டு இடத்தில் வருவார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் மறுபடி மறுபடி நிற்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு பேருடைய பெற்றோர் எண்ணையும் எழுதுங்கள். மனைவியின் பெற்றோர் இடத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை, கோடு போட்டு அடித்துவிடாதீர்கள். வெற்றிடம் இருந்தால்தான் யாராவது நிரப்புவார்கள்.

கணினியில் எழுதினால் யூனிகோடு எழுத்துருவிலேயே எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் திறக்கும்போது புரியாத குறிகளாகத் தெரியும்.

ஒலிப்பதிவிலிருந்து எடுக்கும்போது அவர்கள் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றாதீர்கள். அத்தை சொன்ன சொல் அத்தை சொன்னபடியே நிற்கட்டும்.

சில விஷயங்கள் கனமானவை. இரண்டாம் தாரம், தத்து, வீட்டை விட்டுப் போனவர், தானாக உயிரை விட்டவர். இவற்றைத் தனி நோட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவர் பிள்ளைகளின் சம்மதம் இல்லாமல் வெளியே காட்டாதீர்கள். எழுதாமலும் விடாதீர்கள்.

ஏழாம் படி: பகிர்வது

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார், பத்திர நகல் ஆகியவற்றைக் குடும்பக் குழுவில் போட வேண்டாம்.

அச்சு அவசியம். நாங்கள் நாற்பது பக்கம் அச்சிட்டுக் கட்டினோம். மகன் வீடு, மகள் வீடு என்று பார்க்காமல் கட்டிக்கொடுத்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் ஒரு பிரதி போனது. கடைசியில் ஆறு பக்கம் வெறுமையாக விட்டு, நூலில் ஒரு பென்சிலைக் கட்டியிருந்தோம். போன ஆவணியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது சின்ன அத்தை தன் பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதினேழாம் எண்ணில், மனைவியின் தாய் என்று காலியாக இருந்த இடத்தில், நடுங்கிய கையெழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. பக்கத்தில், "கீரனூர்ச் சின்னம்மா சொன்னது, இன்னும் ஒருத்தரைக் கேட்க வேண்டும்."