டிரோனில் ஸ்பாட்லைட்: வாங்குவது சுலபம், கோணம் வைப்பதுதான் பாடு

பக்கத்து வீட்டு நாய் ஒருநாள் இடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டது. இருட்டியதும் என் டிரோனின் வயிற்றில் ஒரு டார்ச்சை டேப் சுற்றி ஒட்டிப் பறக்கவிட்டேன். அரை மணி நேரம் திரையில் பூச்சியையும் வெள்ளை மூட்டத்தையும் தவிர எதையும் பார்க்கவில்லை. நாய் மறுநாள் காலையில் தானாகவே வாலாட்டிக்கொண்டு வந்து நின்றது, அது வேறு கதை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் செய்த தப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு வார இறுதி போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பகலில் டிரோனைப் பதறாமல் ஓட்டவும் இறக்கவும் தெரிந்தவருக்கான குறிப்பு இது. இரவில் பறக்க உங்கள் நாட்டு விதி என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தேடும் ஸ்பாட்லைட் வேறு, டிரோன் இருப்பதை மற்றவர்களுக்குக் காட்டும் மின்னும் விளக்கு வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

எந்த விளக்கு?

டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமென் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குறுகலாகக் குவிகிறது என்பதை லூமென் சொல்லாது, கேண்டெலாதான் சொல்லும். தரையில் விழும் வெளிச்சம் லக்ஸ். கேண்டெலாவை தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் வந்துவிடும்.

ஒரே 2000 லூமென் விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒளி 40 டிகிரிக்கு விரிந்தால் 30 மீட்டரில் ஏறக்குறைய 6 லக்ஸ்தான், ஆனால் 22 மீட்டர் அகலத்துக்கு விழும். 20 டிகிரி என்றால் 23 லக்ஸ், அகலம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 டிகிரி என்றால் 90 லக்ஸைத் தாண்டும், ஆனால் வட்டம் 5 மீட்டர்தான். இதெல்லாம் லென்ஸில் இழப்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் எல்லாமே குறையும். ஒப்பிட்டுப் பார்க்க, முழு நிலவு வெளிச்சம் கால் லக்ஸ் அளவு.

10 டிகிரி விளக்கைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், தூரம் அடிக்கிறதே என்று. அது ஸ்ட்ராவுக்குள் கண்ணை வைத்து வயலைப் பார்ப்பது மாதிரி. என் ஓட்டு 20 டிகிரிக்கு. பணம் இருந்தால் 20-இல் இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்; ஒரு 10 டிகிரி விளக்கைவிட அது எவ்வளவோ மேல்.

நிறத்தையும் பாருங்கள். நீலம் பாய்ந்த வெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் மலிவான எல்ஈடிகளில் சிவப்புச் சட்டையும் காய்ந்த புல்லும் ஒரே மாதிரி மங்கிப்போகும். 4000 முதல் 5000 கெல்வின் (வெள்ளையின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண், 100 உச்சம்) 80-க்கு மேல் என்று தேடுங்கள்.

எடையும் பேட்டரியும்

விளக்கு, பிடிப்பு, பேட்டரி மூன்றையும் சேர்த்து எடை போடுங்கள். அதே எடைக்கு மணல் பொட்டலம் கட்டிப் பகலில் ஒரு பேட்டரி தீரும்வரை பறக்கவிட்டுப் பாருங்கள். இறக்கியதும் மோட்டார்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும். விரல் வைக்கமுடியாத சூடு என்றால் அந்த எடை உங்கள் டிரோனுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

விளக்குக்குத் தனி பேட்டரிதான் நல்லது. 11.1 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் 9.4 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. 20 வாட் விளக்கை அது கணக்குப்படி 28 நிமிடம் எரிக்கும். அடிவரை வடிக்கக்கூடாது என்பதால் 22 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் பேட்டரியிலிருந்தே கம்பி இழுப்பவர்களும் உண்டு. விளக்கு அணைந்தால் தேடல்தான் நிற்கும், டிரோன் அணைந்தால் டிரோனே போய்விடும். இரண்டையும் ஒரே பேட்டரியில் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை.

எங்கே கட்டுவது

வயிற்றுப் பக்கம்தான், ஆனால் கீழ்நோக்கிய சென்சார்களை மறைக்காமல். நான் ஒரு தடவை மறைத்தேன். தரை பத்து சென்டிமீட்டரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டிரோன் இறங்கவே மாட்டேன் என்றது. காற்று போகும் துளைகளையும் விட்டுவிடுங்கள்.

கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதில் ஒரு இழுபறி இருக்கிறது. லென்ஸை ஒட்டி வைத்தால் பனி, தூசி, பூச்சி எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி லென்ஸுக்குள்ளேயே அடிக்கும். என் முதல் இரவின் வெள்ளை மூட்டம் அதுதான். ரொம்பத் தள்ளினால் வேறு நஷ்டம்: ஷூவிலும் ஜாக்கெட்டிலும் இருக்கும் பிரதிபலிப்புப் பட்டை வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், நாயின் கண்ணும் அப்படித்தான். விளக்குக்குப் பக்கத்திலேயே கேமரா இருந்தால்தான் அந்த மினுக்கம் படத்தில் விழும். எனக்கு ஒத்துவந்தது 10 சென்டிமீட்டர், லென்ஸுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால் தள்ளி. விளக்கின் முகத்தைச் சுற்றிக் கறுப்பு ஃபோமில் சின்னச் சுவர் மாதிரி ஒட்டினேன். மூட்டத்தில் பாதி அதிலேயே போய்விட்டது.

பிடிப்பை 3டி பிரிண்ட் செய்வதாக இருந்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது இளகிவிடும், எல்ஈடியின் முதுகு அந்தச் சூட்டை அநாயாசமாகத் தொடும். சூடு தாங்கும் பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் போடுங்கள். ஜிப் டை, அதன்மேல் வெல்க்ரோ, இரண்டும் கைவிட்டால் பிடிக்க ஒரு மெல்லிய நைலான் கயிறு. கட்டி முடித்ததும் இரண்டு விரலில் டிரோனைத் தூக்கிப் பாருங்கள். முன்னால் சாய்ந்தால் விளக்குப் பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கோணம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

மேசைமேல் டிரோனை வைத்து, கேமராவை 45 டிகிரி கீழே சாய்த்து, விளக்கையும் அதே 45-க்கு வைத்து இறுக்கினேன். சுவரில் வெளிச்ச வட்டம் திரையின் நடுவில் அழகாக உட்கார்ந்தது. மேலே போய் நின்றபோதும் சரியாகவே இருந்தது. முன்னால் நகர்த்தினேன், திரை இருண்டுவிட்டது. நிறுத்தினேன், வெளிச்சம் வந்தது. நகர்த்தினேன், போனது. லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து மூன்று இரவு கம்பிகளை மாற்றி மாற்றிச் சாலிடர் செய்தேன்.

கம்பியில் ஒன்றும் இல்லை. முன்னால் போக டிரோன் தன் உடம்பையே முன்னால் சாய்க்கிறது. கேமரா கிம்பலில் (உடம்பு சாய்ந்தாலும் கேமராவை நிலையாகப் பிடிக்கும் தாங்கி) இருப்பதால் அசையாமல் 45-லேயே பார்க்கிறது. விளக்கோ உடம்போடு கட்டப்பட்டது, அது உடம்போடு சாயும். 30 மீட்டர் உயரத்தில் 45 டிகிரியில் கேமரா பார்ப்பது 30 மீட்டர் முன்னால். வேகமாகப் போகையில் என் டிரோன் 15 டிகிரி சாய்கிறது. விளக்கு 60 டிகிரிக்கு இறங்கி, 17 மீட்டர் முன்னால் அடிக்கிறது. 20 டிகிரி விரிவையும் சேர்த்தால் வெளிச்சம் 11-இலிருந்து 25 மீட்டர் வரைதான் விழுகிறது. கேமராவின் நடுப்புள்ளி இருட்டில்.

தீர்வு இரண்டு பங்கு. முதலாவது வேகம்: தேடும்போது நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். அந்த வேகத்தில் சாய்வு 5 டிகிரி அளவில் அடங்கிவிடுகிறது. வேகமாகப் போனாலும் திரையில் ஓடுவதைக் கண் வாங்காது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டாவது, விளக்கை அந்த 5 டிகிரி மேலே தூக்கி, அதாவது 40-இல் வையுங்கள். நகரும்போது அது தானாக 45-க்கு வந்து சேரும்.

இதை மேசையில் சரிபார்க்க முடியாது. அந்தி மங்கும் நேரத்தில் ஒரு வெட்டவெளியில் வெள்ளைத் துணி ஒன்றை விரியுங்கள். 30 மீட்டர் உயரத்தில், தேடும் அதே வேகத்தில் துணியை நோக்கி வாருங்கள். துணி திரையின் நடுவுக்கு வரும்போது வெளிச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கி, ஒரு நூல் நகர்த்தி, மறுபடி ஏற்றுங்கள். சரியானதும் பிடிப்பின் கீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எனக்கு ஆறு தடவை ஆனது. எதிர்க்காற்று அடித்தால் டிரோன் நின்ற இடத்திலேயே சாய்ந்திருக்கும் என்பதால், காற்றுக்கு என்று இரண்டாவது கோடும் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, 30 மீட்டர் உயரத்திலிருந்து 45 டிகிரியில் போகும் வெளிச்சம் தரையைத் தொட 42 மீட்டர் போகவேண்டும். தூரத்தால் மேலே போட்ட லக்ஸ் கணக்கு பாதியாகிவிடும், தரையில் சாய்வாகப் பரவுவதால் பாதிக்கும் கீழே போய்விடும். அதற்காக நேர் கீழே அடிக்காதீர்கள். சாய்வாக விழுந்தால்தான் நிழல் நீளும். படுத்திருக்கும் ஆளை அந்த நிழல்தான் காட்டிக்கொடுக்கும். நண்பனைக் கறுப்புச் சட்டையோடு புல்லில் படுக்கவைத்துச் சோதித்தேன். நேர் மேலே இருந்து பார்த்தபோது மண்மேடு மாதிரி இருந்தான். சாய்வில் முழங்காலும் அதன் நிழலும் தனியாகத் தெரிந்தன.

கேமராவை மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் வெளிச்சம் நகர நகரப் படம் மூச்சு வாங்குவது மாதிரி கூடிக் குறையும். ஷட்டர் 1/50 நொடியில் தொடங்கி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) மண் தெரியும்வரை ஏற்றுங்கள். தரையில் ஆட்கள் நடந்து தேடுகிறார்கள் என்றால் அவர்கள் முகத்தில் விளக்கை அடிக்காதீர்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

பின்சேர்க்கை: விளக்கைப் போட்டதும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மலிவான எல்ஈடி டிரைவர்கள் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் சின்னச் சுற்று) கிளப்பும் மின்னிரைச்சல் அது. ஜிபிஎஸ் சிக்னல் மிகவும் பலவீனமானது, சுலபமாக அமுங்கிவிடும். தரையில் மோட்டார் ஓடாமல் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குறைந்தால் டிரைவரை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், கம்பிகளைச் சுருக்கி முறுக்குங்கள், கம்பியில் மின்னிரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டுங்கள். தரையில் ரொம்ப நேரம் எரியவிடவும் வேண்டாம், இறக்கைக் காற்று இல்லாமல் விளக்கு கொதித்துவிடும்.

இன்னொரு பின்சேர்க்கை: படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன என்று கேட்டவருக்கு: விளக்கை மங்கலாக்கி வைத்திருக்கிறீர்களா? பல விளக்குகள் வேகமாக அணைந்து எரிந்துதான் மங்குகின்றன, கேமரா அதைப் பிடித்துவிடுகிறது. முழு வெளிச்சத்தில் வைத்தால் கோடு போய்விடும். டார்ச்சின் அடியில் காந்தம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். அதே ஆளுடைய டிரோன் திசைகாட்டிப் பிழையும் காட்டியது, அதற்கு அந்தக் காந்தம்தான் காரணமாக இருந்தது.