பேசிவ் வால்யூம் கண்ட்ரோல் வாங்கப் போகிறீர்களா?

இது சிடி பிளேயருக்கும் பவர் ஆம்புக்கும் (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி) நடுவில் நின்று, சிக்னலைப் பெருக்காமல் குறைக்க மட்டும் செய்யும் பெட்டி. சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டே பெரும்பாலான ஆம்புகளுக்குப் போதும். தனியாகப் பெருக்க வேண்டாம். நான் சிங்கப்பூர் சிம் லிம் டவரில் முதலில் வாங்கியது மலிவான பொட்டென்ஷியோமீட்டர், அதாவது குமிழைத் திருப்பினால் மின்தடை மாறும் பாகம். தோ பாயோ வீட்டில் ராத்திரி பத்தரைக்கு மேல், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குறைத்தால், இடது ஸ்பீக்கர் மட்டும் ஊமையாகிவிடும். பாடகர் வலப்பக்கம் நகர்ந்து நிற்பார்! அதனால் மிகக் குறைந்த சத்தத்தில் சோதித்துப் பாருங்கள். பொட்டென்ஷியோமீட்டர் பிடிக்காதென்றால், ரெசிஸ்டர் வைத்த ஸ்டெப் அட்டெனுவேட்டர் (படிப்படியாகச் சத்தத்தை மாற்றும் சுவிட்ச்) இருக்கிறது, விலைதான் கடிக்கும்.

பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பு? 10 கிலோ ஓம், லாக் வகை (திருப்பும்போது காதுக்குச் சத்தம் சீராக மாறும்). ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 50 கிலோ ஓமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அப்புறம், ஆம்புக்குப் போகும் கேபிளை ஒரு மீட்டருக்குள் வையுங்கள். நீண்டால் ஜால்ரா போன்ற உச்ச ஒலிகள் மங்கும்.