பீர் கெக்: பார்த்து வாங்குவதும் பிரித்துக் கழுவுவதும்

வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டில் பாட்டிலாக அடைத்து அலுத்தவர்கள் அடுத்துத் தேடுவது, பீரை மொத்தமாக அடைத்து வாயு அழுத்தத்தால் வெளியே எடுக்கும் உலோகக் கலனான கெக்கைத்தான். புதியதுதான் வேண்டும் என்பதில்லை. பார்த்து வாங்கினால் பழையதே போதும்.

தொடக்கநிலையினருக்கு ஏற்றது கார்னீலியஸ் வகை. குளிர்பானச் சிரப்புக்காக உருவான இந்த எவர்சில்வர் கலன் சுமார் 19 லிட்டர் கொள்ளும். இதில் குழாய் இணைப்பான் பூட்டும் விதத்தைப் பொறுத்து பால் லாக் (ball lock), பின் லாக் (pin lock) என இரண்டு உண்டு. முன்னது ஒடுங்கி உயர்ந்தது, பின்னது குட்டையாகப் பருத்தது. ஒன்றின் இணைப்பான் மற்றதில் பொருந்தாது. எதில் தொடங்கினாலும் அதிலேயே நில்லுங்கள். பால் லாக் மூடியில் பெரும்பாலும் அழுத்தத்தைக் கையால் இறக்கும் வளையம் இருக்கும். அதற்காகவே என் ஓட்டு பால் லாக்குக்கு.

பீர் ஆலைகளின் சாங்கி வகைக் கலன் வேண்டாம். அழுத்தம் இருக்கும்போது அதன் நடுக்குழாயைக் கழற்றினால் ஈட்டிபோல் மேலே பாயும். முன்பணம் கட்டி எடுத்துவந்தாலும் அது ஆலையின் சொத்து என்பது வேறு விஷயம்.

பழையதை வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பக்கவாட்டு நசுங்கல் பரவாயில்லை. உட்சுவரில் துருக்குழிகள் இருந்தாலோ, மூடி உட்காரும் விளிம்பு வளைந்திருந்தாலோ வேண்டாம். ரப்பர் வளையங்கள் எப்படி இருந்தாலும் கவலையில்லை, எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

இனிக் கழுவும் வேலை.

1. மூடியிலுள்ள வளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுவதும் இறக்குங்கள். சீற்றம் அடங்கும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

2. கெக்கின் தலையில் இணைப்பான் பூட்டும் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். அவற்றின் அடியில் உள்ள குட்டைக் குழாய் வாயுவுக்கு; அடிவரை போகும் நீளக் குழாய் பீருக்கு. பால் லாக்கில் வாயு முனையின் அடியில் சிறு வெட்டுகள் இருக்கும். இடம் மாற்றி முடுக்கினால் இணைப்பான் சிக்கிக்கொள்ளும்.

3. மூடியில் ஒன்று, முனைகளில் இரண்டு, குழாய்களின் கழுத்தில் இரண்டு என ஐந்து ரப்பர் வளையங்களையும் எடுத்துவிட்டுப் புதியவை போடுங்கள். பழைய சிரப்பின் வாசனை எஃகில் தங்காது, ரப்பரில்தான் ஊறிக் கிடக்கும். கெக் பளபளக்கிறதே என்று இதை விட்டால் பீரில் குளிர்பான மணம் வரும்.

4. சோடியம் பெர்கார்பனேட் என்ற கழுவும் தூள் கலந்த வெந்நீரில் எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். கையுறை அவசியம். கரைசல் ஆக்சிஜனை வெளியிடும் என்பதால் கலனை இறுக மூடாதீர்கள். நீளக் குழாய்க்குள் மெல்லிய பிரஷை விட்டு இழுங்கள். வெளியே வரும் பழுப்புக் கசடு உங்களையே வியக்கவைக்கும். குளோரின் பிளீச்சும் இரும்பு நாரும் கூடாது, இரண்டுமே எஃகைக் கெடுக்கும்.

5. நன்றாக அலசி, வளையங்களில் உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவிப் பூட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏற்றி, மூடியிலும் முனைகளிலும் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

6. கழுவியது மட்டும் போதாது. கிருமி நீக்குவது தனி வேலை. அழுத்தத்தை மீண்டும் இறக்கிவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கியை லேபிளில் உள்ள அளவில் கலந்து கெக்கை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். சில நிமிடம் கழித்து, கார்பன் டை ஆக்சைடால் அதைப் பீர் முனை வழியே தள்ளி வெளியேற்றுங்கள். குழாயும் சுத்தமாகும், காற்றும் வெளியேறிவிடும். மிஞ்சும் நுரைக்குப் பயப்பட வேண்டாம். மூடியைத் திறக்காமல் பீர் முனை வழியாகவே பீரை ஏற்றுங்கள்; வாயு முனை மட்டும் திறந்திருக்கட்டும்.