கேம் பாய் கார்ட்ரிட்ஜ் சேகரிப்பு: அசலைக் கண்டுபிடிப்பதும் விலை பார்ப்பதும்

கேம் பாய் என்பது நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேம் கருவி; அதில் செருகி ஆடும், ஒவ்வொரு விளையாட்டும் அடங்கிய சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். பழைய கார்ட்ரிட்ஜ் என்றாலே நல்ல விலை போகும் என்று நினைத்துத்தான் பலர் சேகரிப்பில் இறங்குகிறார்கள். ஆனால் 1989-இல் வந்த டெட்ரிஸ் விளையாட்டு இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. பல நாடுகளில் கேம் பாய் வாங்கியவர்களுக்கு அதைக் கூடவே கொடுத்துவிட்டார்கள், கோடிக்கணக்கில் இருக்கிறது. பதினைந்து வருடம் கழித்து வந்த போக்கிமான் எமரால்டு விளையாட்டு அதைவிடப் பல மடங்கு விலை. எத்தனை பேர் தேடுகிறார்கள், கையில் இருப்பது அசலா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

1. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கேம் பாய் கருவி மூன்று வகை: முதல் கேம் பாய் 1989, கேம் பாய் கலர் 1998, கேம் பாய் அட்வான்ஸ் 2001. கலருக்கு வந்த கார்ட்ரிட்ஜ்களில் கறுப்பு வெளி ஓடு உள்ளவை பழைய கருவியிலும் ஓடும். கண்ணாடி போன்ற ஓடு உள்ளவை கலரிலும் அட்வான்ஸிலும் மட்டும். அட்வான்ஸ் கருவி ஒன்று இருந்தால் மூன்று வகையும் ஆடலாம். நாட்டுக்கு நாடு பூட்டு கிடையாது, ஜப்பான் பதிப்பும் ஓடும். பல விளையாட்டுகளுக்கு அதன் விலையும் குறைவு. வசனம் அதிகமில்லாதவற்றை அப்படி வாங்கிவிடலாம்.

2. அசலா என்று பாருங்கள்

இங்கேதான் பணம் போகும். போக்கிமானில் போலிகள் மலிந்து கிடக்கின்றன, அதனால் விற்பவரிடம் முன்பக்கம், பின்பக்கம், அடியில் உள்ள பின்கள் என மூன்று படமாவது கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், வேறு கிடைக்கும்.

லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று (சிலவற்றில் கூடவே ஓர் எழுத்து) அழுத்திப் பதிந்திருக்கும். மை கிடையாது, பள்ளம் மட்டும்தான். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜில் பின்களுக்கு மேலே, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில் நின்டெண்டோ பெயர் தெளிவாகத் தெரியும். ஓட்டின் நிறமும் காட்டிக்கொடுக்கும்: எமரால்டின் ஓடு ஒளி ஊடுருவும் பச்சை. சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தால் பேச்சே வேண்டாம்.

கையில் வாங்கிய பிறகு திறந்து பார்ப்பது நல்லது. பழைய கேம் பாய்க்கும் கலருக்கும் 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி வகை ஸ்க்ரூடிரைவர், அட்வான்ஸுக்கு மூன்று இறகு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ போட்டிருந்தால், குறைந்தபட்சம் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் உருண்டை இருந்தால் பெரும்பாலும் போலி. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், சில அசல் பலகைகளிலும் அது உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

3. பேட்டரி

போக்கிமான் கோல்டு, சில்வர், கிறிஸ்டல் மூன்றிலும் சேமிப்பை (ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்ற பதிவை) காப்பது சிஆர் 2025 பேட்டரி. உள்ளே கடிகாரமும் ஓடுவதால் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் சேமிப்பு போய்விடும். அட்வான்ஸுக்கு வந்த போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், தீர்ந்தாலும் சேமிப்பு இருக்கும். இந்த மூன்றில் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். பேட்டரியை மாற்றுவதற்குச் சால்டரிங் (ஈயப் பற்று வைப்பது) தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சால்டரிங் செய்யாமல் பேட்டரியை டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, விற்பவரிடம் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

4. சுத்தம்

கருவியைப் போட்டதும் நின்டெண்டோ லோகோவுக்குப் பதில் கறுப்புப் பட்டை இறங்கினால், பெரும்பாலும் பின்னில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் (90 சதவீதத்துக்கு மேல்) காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். இந்த ஆல்கஹால் போன் பழுது பார்ப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.

5. விலை

விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசை. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டி, உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். பிரைஸ்சார்ட்டிங் தளம் கார்ட்ரிட்ஜ் மட்டும், பெட்டியோடு முழுசாக, பிரிக்காதது என்று தனித்தனியாக விலை காட்டும். அட்டைப் பெட்டியைப் பிள்ளைகள் கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் பெட்டிக்கே தனி மதிப்பு. கிழிந்த லேபிள், மார்க்கரில் எழுதிய பெயர் எல்லாம் விலையைக் குறைக்கும். புதிதாக அச்சடித்து ஒட்டிய லேபிள் இன்னும் மோசம். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிரிக்காத பெட்டிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். பழைய பெட்டிக்குப் புது பிளாஸ்டிக் உறை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.